உற்பத்தி நின்ற மோட்டார் சைக்கிளுக்குக் கொழும்பில் நம்பிக்கையான மெக்கானிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த பைக்குகளுக்கு இந்தப் பதில்கள் பொருந்தும்?

ஹொண்டா சீடி125 பென்லி, சீடி200 ரோட்மாஸ்டர், சீ70, சீ90, ஜப்பான் தபால்காரரின் எம்டி90, சீஜி125, ஹீரோ ஹொண்டா சீடி100, பழைய யமஹா, சுசுகி ரூ ஸ்ரோக் வண்டிகள் ஆகியவற்றை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். பெரும்பாலும் கம்பனி இன்று செய்யாத, ஆனால் கொழும்புத் தெருவில் இன்றும் ஓடுகிற வண்டிகள் இவை. 250 சீசீக்கு மேற்பட்ட நான்கு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக்கைத் தேடும் முறை பொருந்தும், அளவுகள் பொருந்தாது.

ஏஜன்சியில் கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். ஆனால் அங்கே வேலை செய்யும் இளம் பொடியன்களில் பலர் பொயின்ற் (பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் பழைய தொடுப்பு) உள்ள மேக்னெற்றைக் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களின் பயிற்சியும் கருவிகளும் இன்று விற்கும் வண்டிகளுக்கானவை. ஏஜன்சியின் உண்மையான பயன் உதிரிப்பாகக் கவுண்டரில் இருக்கிறது. பாக இலக்கத்தைச் சரியாக எழுதிக் கொண்டுபோனால் அது இன்னும் வருகிறதா, வேறு இலக்கத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். "சீடி125க்கு பிஸ்டன் இருக்கா?" என்று வாயால் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

நல்ல மெக்கானிக்கை எங்கே போய்த் தேடுவது?

மெக்கானிக்கிடம் நேரே போகாமல், மெக்கானிக்குகள் வந்து போகும் இடத்துக்குப் போங்கள்.

முதல் இடம் லேத் கடை. சிலிண்டர் போர் அடிப்பவர் (தேய்ந்த துவாரத்தைக் கடைந்து பெரிதாக்குபவர்), வால்வு சீற் வெட்டுபவர், கிராங்க் பிரித்துக் கோர்ப்பவர் ஆகியோரிடம் நகரத்தின் எல்லா கராஜ்களின் வேலையும் வந்து சேரும். யார் கழுவித் துடைத்த சிலிண்டரோடு பிஸ்டனையும் கொண்டு வருகிறார், யார் சுத்தியலால் அடித்த தழும்போடு கொண்டு வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். "யார் நல்ல மெக்கானிக்?" என்று கேட்டால் சங்கடப்பட்டுப் பொதுவாக ஏதாவது சொல்வார். "சீடி200 சிலிண்டர் கடைசியாக யார் கொண்டுவந்தது?" என்று கேளுங்கள். பெயர் வரும்.

இரண்டாவது இடம் பஞ்சிகாவத்தை. மருதானைப் பக்கம், ஸ்ரீ சங்கராஜ மாவத்தையை ஒட்டிய அந்தத் தெருக்களில் பழைய சாமான் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. கடைக்காரர் தன் சொந்தக்காரரின் கராஜைக் காட்டக்கூடும், அதனால் ஒரு கடையோடு நிற்காமல் மூன்று நான்கு கடைகளில் கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் போய்ப் பார்க்கலாம்.

மூன்றாவது, தெருவில் ஓடும் அதே மாடல். நன்றாக ஓடும் ஒரு சீடி125ஐ சிக்னலில் கண்டால் "அண்ணை, எங்க வேலை செய்விக்கிறீங்கள்?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பழைய வண்டிக்காரர் பதில் சொல்லாமல் போனதாகக் கேள்விப்படவில்லை, பதிலை நிறுத்துவதுதான் கஷ்டம்.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், தெமட்டகொட, வெள்ளவத்தை, தெஹிவளை என்று எங்கும் சிறு கராஜ்கள் உண்டு. தமிழ் பேசுபவராகத்தான் இருக்க வேண்டும் என்று தேடலைச் சுருக்காதீர்கள். கராஜில் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) பேசுவதற்குச் சிங்களம் கொஞ்சம் போதும், அளவும் பாக இலக்கமும் எல்லோருக்கும் பொது. நோயைத்தான் சரியாகச் சொல்ல வேண்டும். "சூடான பிறகு மூன்றாம் கியரில் இழுவை குறைகிறது" என்பதைச் சொல்ல வராவிட்டால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, தாளைக் கையில் கொடுங்கள்.

பட்டப்படிப்பு, சான்றிதழ் எல்லாம் பார்க்க வேண்டுமா?

மொரட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் படித்தவர், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவர் என்றால் அடிப்படை சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பழைய வண்டிக்கு அது மட்டும் போதாது, அது இல்லாததும் குறையில்லை. சுவரில் தொங்கும் சான்றிதழை விட மேசையில் கிடக்கும் கருவியைப் பாருங்கள். ஃபீலர் கேஜ், வேர்னியர், கொம்ப்ரஷன் மீற்றர், டோர்க் ரென்ச், இம்பக்ட் ட்ரைவர் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று கைபட்டுத் தேய்ந்து கிடந்தால் நல்ல அறிகுறி.

இம்பக்ட் ட்ரைவரை (சுத்தியலால் தட்டும்போது ஸ்குரூவை அழுத்திக்கொண்டே திருப்பும் கருவி) தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ஜப்பான் வண்டியின் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை, பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சாதாரண ஸ்குரூ ட்ரைவர் அதில் முழுதாக இறங்காமல் வழுகித் தலையைத் தின்றுவிடும். பக்க மூடி ஸ்குரூக்கள் எல்லாம் உளியால் அடித்துக் கழற்றிய தழும்போடு இருக்கும் வண்டிகள் கராஜில் வரிசையாக நின்றால், உங்கள் வண்டிக்கும் அதுதான் நடக்கும்.

முதல் நாள் என்ன கேட்டுப் பார்ப்பது?

ஒரு கேள்வி போதும்: "இதுக்கு டெப்பெட் எவ்வளவு வைக்கிறது?" டெப்பெட் என்பது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையில் விடும் இடைவெளி. சீ70, சீ90 வகைக்கு 0.05 மில்லிமீற்றர். சீஜி125க்கு 0.08. இலக்கம் நினைவில் இல்லாவிட்டாலும் "புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுறன்" என்பவர் நம்பத்தக்கவர். "கையால ஆட்டிப் பார்த்தாத் தெரியும் தம்பி" என்பவரிடம் ரயர் ஒட்டுவிக்கலாம்.

பிறகு, கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அங்கேயே விடைபெறுங்கள்.

முதலில் எந்த வேலையைக் கொடுப்பது? நேரடியாக என்ஜினைக் கொடுக்கலாமா?

வேண்டாம். மூன்று சின்ன வேலைகளைக் கொடுங்கள்: டெப்பெட், ஒயில் மாற்றம், காபரேற்றர் கழுவுதல். மூன்றிலும் கள்ளத்தனமும் கவனமும் வெளியே தெரியும்.

டெப்பெட் முழுக்க ஆறிய என்ஜினில்தான் வைக்க வேண்டும். காலையில் ஓட்டிக்கொண்டு போய் விட்டால், நல்லவர் "பின்னேரம் வாங்கோ" என்பார். உடனே ஸ்பானரை எடுப்பவர் சூட்டில் விரிந்த உலோகத்தில் அளக்கிறார், அந்த 0.05க்குப் பொருளில்லை. இடப்பக்க மூடியைத் திறந்து ரோட்டரில் உள்ள 'ரீ' எழுத்துக் குறியைக் கோட்டோடு பொருத்தி, இரண்டு வால்வும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளரவில்லை என்றால் பிஸ்டன் புகை வெளியேற்றும் அடியின் முடிவில் நிற்கிறது, இன்னொரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும்.

சீடி125, சீடி200 இரண்டும் இரட்டைச் சிலிண்டர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், ஆனால் வெடிப்பு மாறி மாறி. ஆகவே ஒரு சிலிண்டரின் இரண்டு டெப்பெட்டை வைத்த பிறகு கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் மற்றதை வைக்க வேண்டும். பிஸ்டன் இரண்டும் மேலே நிற்பதைக் கண்டு நான்கையும் ஒரே இடத்தில் வைப்பவருக்கு இந்த என்ஜின் தெரியாது. இதைவிட மலிவான பரீட்சை கிடையாது.

சத்தம் போக வேண்டும் என்று டெப்பெட்டை இறுக்குவது பரவலான பழக்கம். இறுக்கிய வால்வு சீற்றில் முழுதாக உட்காராது. வால்வு தன் சூட்டைச் சீற் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது, உட்காராவிட்டால் விளிம்பு எரியும். அமைதியாக ஓடும் என்ஜின் சில மாதத்தில் கொம்ப்ரஷன் இழந்து நிற்பது இப்படித்தான். மெல்லிய டக் டக் சத்தம் இந்த வண்டிகளுக்கு ஆரோக்கியம்.

ஒயில் மாற்றத்தில் பார்க்க வேண்டியது வலப்பக்க மூடி. இந்த ஹொண்டாக்களில் தாள் ஃபில்டர் இல்லை. ஒரு கம்பி வலையும், சுழற்சியில் அழுக்கை ஓரத்துக்குத் தள்ளிப் பிடிக்கும் ஒரு கிண்ணமும்தான் உண்டு. அந்தக் கிண்ணத்தைத் திறக்க மூடியைக் கழற்ற வேண்டும், காஸ்கெட் வேண்டும், ஒரு மணித்தியாலம் போகும். அதனால் பலர் ஒயிலை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். வருடக்கணக்காகத் திறக்காத கிண்ணத்தில் சாம்பல் நிறக் களி இறுகிக் கிடக்கும். காஸ்கெட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, கழுவும்போது பக்கத்தில் நில்லுங்கள். மூடியைத் திரும்பப் பூட்டும்போது காஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கோன் பூசிப் பிதுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே பிதுங்கும் துண்டு கழன்று ஒயில் துவாரத்தை அடைக்கும்.

ஒயில் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்ற ஜப்பான் தரக்குறி) இருக்க வேண்டும். காருக்கான மெல்லிய ஒயிலில் உராய்வு குறைக்கும் மருந்து இருக்கலாம், ஒயிலுக்குள் ஓடும் கிளச் அதில் வழுகும்.

காபரேற்றரில் ஜெற் துவாரத்தை வயரால் குத்துகிறாரா என்று மட்டும் பாருங்கள். ஜெற் பித்தளை, வயர் உருக்கு. ஒருமுறை குத்தினாலும் துவாரம் பெருக்கும், பிறகு எந்த ஸ்குரூவைத் திருகியும் ஐட்லிங் சரிவராது. கார்ப் கிளீனரும் காற்றும்தான் முறை.

"பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்கிறார். உண்மையா?

பெரும்பாலும் பொய். பிரிக்கு முன் செய்யக்கூடிய சோதனை நிறைய உண்டு. என்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, கொம்ப்ரஷன் மீற்றரைப் பூட்டி, திராட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறி நிற்கும்வரை கிக் அடிக்க வேண்டும். ஆரோக்கியமான சின்ன ஹொண்டாவில் 150 முதல் 180 பீஎஸ்ஐ வரை காட்டும். 100க்குக் கீழே போனால் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பவும் அடியுங்கள். இலக்கம் ஏறினால் ரிங், சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட். இரட்டைச் சிலிண்டரில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள்.

இரண்டு பக்கமும் சரியாகக் காட்டியும் வண்டி இழுக்காவிட்டால் நோய் காபரேற்றரிலோ இக்னிஷனிலோ கிளச்சிலோதான். என்ஜினைத் தொட விடாதீர்கள். விதிவிலக்கு கீழ்ப்பாகத்துச் சத்தம்: கிராங்க் பெயாரிங் உறுமல், கியர் கழன்று விழுவது. அங்கே பிரிக்கத்தான் வேண்டும்.

போர் அடிப்பதில் எங்கே பிழைக்கிறது?

நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தும் என்ஜின் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வரிசையை மாற்றினால் எல்லாம் பிழைக்கும்.

முதலில் பிஸ்டன் கையில் வரட்டும். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று ஓவர்சைஸ் (ஸ்டாண்டர்ட் அளவை விட அவ்வளவு பெரிய) பிஸ்டன்கள் உண்டு, ஆனால் உங்கள் மாடலுக்கு எந்த அளவு கொழும்பில் கிடக்கிறது என்பது அன்றைய அதிர்ஷ்டம். "0.50க்கு அடித்து வைப்பம், பிஸ்டன் பிறகு தேடலாம்" என்பவர், 0.75 மட்டும் கிடைத்தால் திரும்பவும் அடிப்பார், உங்கள் சிலிண்டர் ஒரு வாழ்நாளை இழக்கும்.

அடுத்தது அளவு. சிலிண்டரை மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில், நீள அகலம் இரண்டு திசையிலும் உள்விட்டம் அளக்க வேண்டும். பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியில் (கீழ்ப்பகுதியில்), அதற்குள் குறுக்கே போகும் பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். வித்தியாசம்தான் இடைவெளி. காற்றால் குளிரும் சின்ன நான்கு ஸ்ரோக்கில் புதிதாக அது 0.01 முதல் 0.04 மில்லிமீற்றர் வரை, சரியான இலக்கம் உங்கள் மாடலின் சேவைப் புத்தகத்தில் இருக்கும். லேத் பாஸ் பிஸ்டனைக் கையில் வாங்காமல் "ஸ்டாண்டர்ட் சைஸுக்கு 50 கூட்டி" அடித்தால் விடாதீர்கள். சந்தைப் பிஸ்டன்கள் எல்லாம் பெட்டியில் எழுதிய அளவில் இருப்பதில்லை.

சீடி125, சீடி200இல் ஒரு துவாரம் மட்டும் கீறியிருந்தாலும் இரண்டையும் ஒரே ஓவர்சைஸுக்கு அடிக்க வேண்டும். சீடி125க்கு ஸ்டாண்டர்ட் துவாரம் 44 மில்லிமீற்றர், சீடி200க்கு 53. சிலிண்டரில் முன்பே அடித்திருக்கிறார்களா என்று அறிய பிஸ்டன் தலையில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள். 1.00உம் தாண்டியிருந்தால் ஸ்லீவ் (உள்ளே புதிய குழாய்) போட்டுத் திரும்ப ஸ்டாண்டர்டுக்கு வரலாம். பாரமான வேலை, ஆனால் சிலிண்டரைக் குப்பைக்கு அனுப்பத் தேவையில்லை.

அடித்து ஹோன் பண்ணிய (உள்சுவரைக் கல்லால் உரசிய) சிலிண்டரைப் பெற்றோலால் கழுவினால் போதாது. ஹோன் கல்லின் பொடி குறுக்குக் கீறல்களுக்குள் இறுகி நிற்கும், பெற்றோல் அதைக் கிளப்பாது. சுடுநீர், சவர்க்காரம், தூரிகை கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியில் ஒயில் தடவித் துடைக்க வேண்டும். துணி சாம்பலாக வந்தால் இன்னொரு தடவை. பல கராஜ்களில் இந்தப் படி அப்படியே தவறுகிறது. 1,000 கிலோமீற்றருக்குள் புகை திரும்புவதற்கு இது ஒரு பெரிய காரணம், பழி மட்டும் "டூப்ளிகேற் ரிங்"கில் விழுகிறது.

பூட்டும்போது: ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளி அளக்க வேண்டும், 0.15 முதல் 0.35 வரை வழக்கம். ரிங்கில் எழுத்துள்ள முகம் மேலே. பிஸ்டனில் 'இன்' என்று பொறித்த பக்கம் காபரேற்றர் துவாரத்தை நோக்கி. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப் எப்போதும் புதிது. பழைய கிளிப் ஒன்று கழன்று வந்தால் சிலிண்டரில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடும்.

சாமான் தேடுவது யார் வேலை, மெக்கானிக்கினதா என்னுடையதா?

உங்களுடையது. மெக்கானிக் தேடினால் முதலில் கிடைத்ததை வாங்குவார், அது அவருடைய குற்றமில்லை, ஒரு வண்டிக்காக நாள் முழுக்கப் பஞ்சிகாவத்தையில் அலைந்தால் அவருக்குக் கட்டாது.

ஹொண்டாவின் பாக இலக்கம் மூன்று துண்டு. முதல் ஐந்து இலக்கம் என்ன பாகம் என்பது, நடு மூன்று அது முதலில் எந்த மாடலுக்குச் செய்யப்பட்டது என்பது. 13101 என்றால் ஸ்டாண்டர்ட் பிஸ்டன், 13102 என்றால் 0.25, 13103 என்றால் 0.50, 13104, 13105 முறையே 0.75, 1.00. நடுவில் 383 இருந்தால் சீஜி125இல் பிறந்த பாகம். உங்கள் மாடலின் பாகப் பட்டியலில் நடு இலக்கம் வேறு மாடலுடையதாக இருந்தால் அதிர்ஷ்டம்: அந்த மாடலுக்குரிய பெட்டியையும் கடையில் தேடலாம். "சீடி125 சாமான் இல்லை" என்ற கடையில் அதே சாமான் வேறு பெயரில் தூங்கும்.

நிறைய சாமான் உங்கள் பைக்குடையதே இல்லை, பொதுச் சாமான். பெயாரிங் உடைந்தால் கம்பனிப் பெயாரிங் தேடி அலைய வேண்டாம், விளிம்பில் பொறித்த இலக்கம் போதும். 6301 என்றால் உலகெங்கும் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீற்றர். 6302 என்றால் 15, 42, 13. கிராங்குக்கு வாங்கும்போது பழையதில் 'சி3' என்று இருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும். சூட்டில் விரிய இடம் விட்ட பெயாரிங் அது, சாதாரணதைப் போட்டால் இறுகி உறுமும். ஒயில் சீலில் மூன்று அளவு எழுதியிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. செயினில் 420, 428 இரண்டுக்கும் கண்ணித் தூரம் ஒன்று, 12.7 மில்லிமீற்றர், அகலம்தான் வேறு. ஸ்ப்ரொக்கெற்றோடு சேர்த்து மாற்றினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம்.

கேபிள்களைப் பழைய மாதிரி கொடுத்துச் செய்விக்கலாம். பக்க மூடிக் காஸ்கெட், சிலிண்டர் அடிக் காஸ்கெட் இரண்டையும் அதே தடிப்புக் காஸ்கெட் தாளில் வெட்டலாம். ஹெட் காஸ்கெட்டை வெட்டக் கூடாது.

உள்ளூரில் முடியாவிட்டால் வெளிநாடு. சீடி200, சீஜி125, சீ90 பிரித்தானியாவிலும் விற்கப்பட்டவை என்பதால் அங்கே பழைய ஹொண்டாச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. டேவிட் சில்வர் ஸ்பெயார்ஸ் அதில் பெரியது, நெதர்லாந்தில் சீஎம்எஸ் இருக்கிறது. வாங்காவிட்டாலும் அவர்களின் இணையத்தளத்தில் பிரித்துக் காட்டிய படமும் பாக இலக்கமும் இலவசம். பாரமில்லாத சாமானை மட்டும் எடுப்பியுங்கள். ஓ-ரிங், பொயின்ற், டயபிரம், ஜெற் போன்றவை ஒரு சிறு பொதிக்குள் அடங்கும். வரியும் தபாலும் சேர்ந்த கணக்கைப் போட்ட பிறகே கட்டளை இடுங்கள்.

சீனச் சாமான் போடலாமா?

சீஜி125 என்ஜினைச் சீனக் கம்பனிகள் பெருமளவில் நகலெடுத்ததால் அந்த வண்டிக்காரர் பாக்கியசாலி. கிளச் பிளேற், லீவர், கேபிள், காஸ்கெட் போன்றவற்றுக்கு நகல் போதும். பிஸ்டன், வால்வு, கேம், புஷ்ரொட் என்று வந்தால் பழையதை வேர்னியரோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து வாங்குங்கள். காபரேற்றர் நகலில் உடல் சரியாக வரும், உள்ளே ஜெற் இலக்கம் வேறாக இருக்கும். பழையதின் ஜெற்றைக் கழற்றி மாற்றிப் பாருங்கள், பாதி நோய் தீரும்.

6 வோல்ற் வண்டி, பல்ப் அடிக்கடி போகிறது. வயரிங் பாஸ் 12 வோல்ற்றாக மாற்றச் சொல்கிறார்.

பல பழைய 6 வோல்ற் ஹொண்டாக்களில் மின் அளவைக் கட்டுப்படுத்தத் தனி ரெகுலேற்றர் இல்லை. மேக்னெற் தரும் மின்னைப் பல்பும் பற்றரியும் குடிப்பதுதான் கட்டுப்பாடு. ஹெட்லைற்றுக்குக் குறைந்த வொற் பல்ப் போட்டால் மிஞ்சும் மின் பின்விளக்கைச் சுடும். ஆகவே பழைய பல்பில் எழுதிய அதே வொற், செத்துப்போகாத பற்றரி, நல்ல எர்த். இவ்வளவும் சரியாக இருந்தும் போனால் மட்டும் அடுத்த யோசனை.

பற்றரியையும் பல்பையும் மட்டும் 12க்கு மாற்றினால் வண்டி மாறாது. மேக்னெற் கொயில், ரெகுலேற்றர், ஹோர்ன், ஃப்ளாஷர், சில மாடலில் இக்னிஷன் கொயில்வரை மாற வேண்டும். அதைச் சொல்லாமல் விலை பேசுபவரிடம் கொடுக்காதீர்கள். பொயின்ற் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை. பொயின்ற் அடிக்கடி கருகினால் கொண்டென்சரை மாற்றுங்கள்.

ரூ ஸ்ரோக் வண்டிக்குத் தனி மெக்கானிக் வேண்டுமா?

வேண்டும், அல்லது கிராங்க் சீல் பற்றித் தெரிந்தவர் வேண்டும். திராட்டிலை விட்டும் என்ஜின் சுற்றுக் குறையாமல் தானே ஏறினால் மேக்னெற் பக்கச் சீல் காற்று இழுக்கிறது, உடனே நிறுத்துங்கள், பிஸ்டன் உருகும். வெள்ளைப் புகை அடர்ந்து கியர் ஒயில் குறைந்தால் கிளச் பக்கச் சீல். இரண்டுக்கும் போர் அடிக்கத் தேவையில்லை.

ஒயில் பம்ப் பழுதென்று கழற்றி மூடிவிட்டாரா என்றும் கேளுங்கள். மூடியிருந்தால் இனிமேல் நீங்கள்தான் கலக்க வேண்டும்: 25க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர். சொல்லாமல் கழற்றிய பம்பால் இறுகிப்போன என்ஜின்கள் கொழும்பில் ஏராளம்.

பெற்றோல் தாங்கிக்குள் துரு. ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

கடற்கரையோர வண்டிக்கு இது தப்பாது. சிற்றிக் அமிலக் கரைசலை ஒரு நாள் ஊறவைத்து, வெறுமையாக்கி, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி ஒயில் தடவுங்கள். ஓட்டைக்கு வெல்டிங் வைப்பதென்றால் தாங்கியைப் பலமுறை கழுவி, வெல்ட் வைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பு. காலித் தாங்கியில் உள்ள ஆவி வெடிக்கும். "பெற்றோல் இல்லைத்தானே" என்று சொல்லும் வெல்டரிடமிருந்து தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

"சாமான் இல்லை, என்ஜினையே மாத்துவம்" என்கிறார்.

மாற்றலாம், ஆனால் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் இருக்கிறது. வேறு இலக்கமுள்ள என்ஜினைப் போட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் பொலிஸ் சோதனையிலும் தலையிடி. என்ஜின் இலக்கம் உரசியிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். வாங்கும் இடத்தில் என்ஜின் இலக்கம் எழுதிய ரசீது கட்டாயம்.

பழைய என்ஜினை கராஜில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். அதற்குள் இருக்கும் கிராங்க்தான் இன்னும் பத்து வருடத்தில் ஒருவரும் விற்காத சாமான்.

கூலி, முற்பணம், ரசீது எப்படிப் பேசுவது?

சாமானுக்கு வேறு, கூலிக்கு வேறு. சாமானுக்கு மட்டும் முற்பணம், கடைப் பில்லோடு. கூலியை வேலைவாரியாகப் பேசுங்கள்: ஹெட் இறக்கி ஏற்ற இவ்வளவு, கிளச்சுக்கு இவ்வளவு. லேத் கடைக்குப் போகும் சாமானுக்கு நீங்களும் கூடப் போங்கள், அங்கே நேரே பணம் கொடுங்கள்.

விடும் நாளில் வண்டியைச் சுற்றிப் படம் எடுங்கள்: காபரேற்றர், மேக்னெற், பற்றரி, கண்ணாடி, கருவிப்பெட்டி. பதிவுப் புத்தகத்தின் மூலத்தை கராஜில் கொடுக்க வேண்டாம். என்ஜின் ஓடாவிட்டால் பட்டா லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், கயிறு கட்டி இழுத்தால் பலவற்றில் கியர்பெட்டிக்கு ஒயில் போகாது.

பிரித்த என்ஜின் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் பாகங்கள் கலைந்துபோகும். பாகங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள், அதுவரை ஓடக்கூடிய வண்டி ஓடட்டும்.

வேலை பிழைத்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் அதே மெக்கானிக்கிடம் படத்தோடும் ரசீதோடும் போங்கள், சத்தம் போடாமல். பலர் கூலியில்லாமல் திருத்தித் தருவார்கள். இணங்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டைச் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீது இல்லாத வேலைக்கு அங்கே காட்ட ஒன்றுமில்லை.

என்ஜின் செய்து முடித்து வண்டியை எடுக்கும்போது என்ன பார்ப்பது?

ஆறிய என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். மெக்கானிக் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காத்திருந்து ஆறவிடுங்கள், காலைக் கிக்தான் உண்மை பேசும். ஒயில் மட்டம், கிளச் லீவரின் சிறு தளர்வு, செயின் தொய்வு, இரண்டு பிரேக்கும். கழற்றிய பிஸ்டன், ரிங், கிளிப் எல்லாம் பையில் வாங்குங்கள்.

முதல் 500 கிலோமீற்றருக்குத் திராட்டிலைப் பாதிக்கு மேல் திறக்காமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். காலி வீதியின் நெரிசலில் முதல் நாள் ஊர்ந்தால் காற்று இல்லாமல் சூடு ஏறும், ஞாயிறு விடியற்காலையில் எடுங்கள். 100 கிலோமீற்றரில் ஒயிலை வடித்து, வெள்ளைக் கோப்பையில் பாருங்கள். மினுங்கும் மெல்லிய தூள் வழக்கம், கண்ணுக்குத் தெரியும் துண்டு இருந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். 500இல் திரும்ப ஒயில், ஆறிய என்ஜினில் டெப்பெட், காபரேற்றர் ஐட்லிங். புகைப் பரிசோதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ரிங் இருக்கை பிடிக்கும்வரை அந்த மீற்றர் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.